பிளாஸ்டிக் வீட்டில் தணல் சட்டி

பூந்தமல்லி,
14-10-1973

அன்புள்ள தம்பி செங்கல்வராயனுக்கு அக்கா வேம்புலி எழுதுவது. நானும் உன் மகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அம்மன் புண்ணியத்தில் நீயும் அந்த மலைமேல் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. அம்பத்தூர் ஷெட்டில் பிளாஸ்டிக் பை ஒட்டுகிற வேலை இந்த மாதம் அதிகம். வீடு வந்து சேர விளக்கு வைத்துவிடுகிறது. பகலில் பேபியைப் பக்கத்து வீட்டு ராபியாக்காதான் பார்த்துக்கொள்கிறாள். பேபி இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறாள். கையை விட்டால் உட்கார்ந்துகொண்டு நம்மைத்தான் முறைக்கிறாள். இன்னும் பேபிதான். நீ வந்து பேர் வைத்தால்தான் உண்டு.

தெருவில், "உன் மருமகப்புள்ள லெட்டர் போட்டாரா?" என்று கேட்கிறார்கள். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியை மருமகன் என்று சொல்ல, என் மகள் வசந்தகுமாரி இருந்தபோதும் எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் வரவில்லை. வருகிற கார்த்திகையோடு அவள் போய் வருஷம் ஆகிறது. நீ வர முடியாது என்று தெரியும். படையலை நானே பார்த்துக்கொள்கிறேன்.

உள்ளறைக் கதவைக் கழற்றிவிட்டேன். கரையான் அரித்துவிட்டது. வேறு விசேஷம் இல்லை.

அங்கே குளிர் எப்படி என்று எழுது. காதை மூடிக்கொண்டு படு.

உன் சுகத்தையே நினைத்திருக்கும்
அக்கா வேம்புலி


56 ஏ.பி.ஓ.
4-11-1973

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி செங்கல்வராயன் வணக்கம். நான் சுகம். நீயும் பேபியும் சுகமாக இருக்க வேண்டும். ராபியாக்காவுக்கும் பஷீர் பாய்க்கும் என் சலாம் சொல்லவும்.

கதவுக்குக் கரையான் என்றாய். மழைக்கு முன்னால் பலகை வாங்கி வேறு கதவு போடு அக்கா. குழந்தைக்குக் காற்று படும். நாய் வேறு நுழையும்.

இங்கே எனக்குப் புது வேலை. ஊர் பேர் எழுதக்கூடாது. ஆனால் இதை எழுதலாம் என்று நினைக்கிறேன். இந்த மலையில் ஆறு மாதம் பச்சை இலையையே பார்க்க முடியாது. எல்லாம் டப்பாதான். அதனால் எங்கள் மேஜர் ஐயா ஒரு பிளாஸ்டிக் வீடு கட்டியிருக்கிறார். முப்பது அடி நீளம். இரும்புக் குழாயை வில் மாதிரி வளைத்து, மேலே கண்ணாடி மாதிரி தாள். நீ பை ஒட்டுகிற அதே ஜாதித் தாள், கொஞ்சம் கனம். அதற்குள் தக்காளி, பாலக்கீரை, கொத்தமல்லி. நான் காட்டுப்பாக்கத்தில் கீரை போட்டவன் என்று யாரோ சொல்லி, என்னைப் பிடித்து அதில் விட்டுவிட்டார். கூடவே ஆவடிக்காரன் கன்னியப்பன்.

பகலில் உள்ளே போனால் சட்டையைக் கழற்ற வேண்டும், அவ்வளவு சூடு. சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் ஒரு மணி நேரத்தில் மக்கில் இருக்கிற தண்ணீர் கல்லாகிவிடும். செடி எப்படித் தாங்கும்? மண்ணெண்ணெய் ஆளுக்கே அளந்து ஊற்றுகிறார்கள். செடிக்குக் கிடையாது. அடுப்புக்கரி இரண்டு மூட்டை இருக்கிறது. அதை இரும்புச் சட்டியில் போட்டுத் தணலாக்கி உள்ளே வைத்துவிட்டு, நானும் கன்னியப்பனும் மாறி மாறி அங்கேயே படுக்கிறோம்.

மேஜர் ஐயா சொன்னதைக் கேள்: "பங்குனி வரைக்கும் செடி உயிரோடு இருந்தால், உன்னை ஆவடிக்கு மாற்றச் சொல்லி நானே எழுதித் தருகிறேன்." ஆவடி என்றால் சாயந்திரமானால் பஸ் ஏறி என் மகளைப் பார்க்கலாம். அதனால் அந்தத் தக்காளிச் செடியை நான் பேபி மாதிரிதான் பார்க்கிறேன்.

காதை மூடிக்கொண்டுதான் படுக்கிறேன்.
உன் தம்பி
செங்கல்வராயன்


பூந்தமல்லி,
22-11-1973

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். உன் சுகம்தான் எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதத்தை ராபியாக்காவிடம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். தணல் சட்டி என்று வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அவள் பேபியைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

தம்பி, அடைத்த இடத்தில் கரி நெருப்பு வைத்துக்கொண்டு படுக்காதே. இன்றோடு விட்டுவிடு. இந்தக் கடிதம் வந்து சேர எத்தனை நாள் ஆகுமோ என்று தபால் ஆபீசுக்குப் போய்த் தந்தியும் அடித்திருக்கிறேன்.

காரணம் கேட்பாய். வானகரத்தில் ஒரு இஸ்திரிக் கடைக்காரன். மழை என்று கடையை உள்ளே சாத்திக்கொண்டு, பெட்டியில் இருந்த கரி நெருப்பை அணைக்காமல் தூங்கியிருக்கிறான். காலையில் எழுந்திருக்கவில்லை. புகை கூட இல்லையாம். ஆள் தூங்குகிற மாதிரியே இருந்தானாம். இதை என் காதால் கேட்டேன்.

செடி போனால் போகட்டும். ஆவடி இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம். நீ சொன்னாயே பேபி மாதிரி என்று, பேபி இங்கே இருக்கிறாள். அது வெறும் தக்காளிச் செடி.

படையல் முடிந்தது. வசந்தாவுக்குப் பிடித்த வடை செய்தேன். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

நீ சட்டியை வெளியே வைத்தாய் என்று ஒரு வரி எழுதினால் அன்று சாப்பிடுவேன்.
அக்கா வேம்புலி


56 ஏ.பி.ஓ.
9-12-1973

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நலமாக இருக்கிறேன். நீ தயவுசெய்து சாப்பிடு.

உன் தந்தி வந்த அன்று யூனிட்டே சிரித்தது. தந்தி கொண்டு வந்த கிளார்க், "அம்மா சீரியஸ், பொண்டாட்டி சீரியஸ்னுதான் தந்தி வரும். அடுப்பு சீரியஸ்னு வந்தது இதான் மொதத் தடவ" என்றான். கன்னியப்பன் இப்போது சட்டியை எடுத்து வரும்போதெல்லாம், "அண்ணாத்தே, ஒங்க அக்கா பாத்துகினு கீது, மெதுவா வையி" என்கிறான்.

இஸ்திரிக்காரன் குடித்திருப்பான் அக்கா. அதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கரி நெருப்புக்கு ஆள் சாவது என்றால் நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவள் ஒருத்தியும் மிஞ்சியிருக்க மாட்டாளே. எந்த வீட்டில் கட்டிலுக்கு அடியில் தணல் வைக்கவில்லை? நீயே போன வருஷம் எழுதினாய். அந்தக் கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. "மழை விடவில்லை. ஒன்பது நாளும் வசந்தாவுக்குக் கட்டிலடியில் தணல் வைத்து, ஓமமும் சாம்பிராணியும் போட்டு, துளி காற்று அண்டாமல் பார்த்துக்கொண்டேன். அப்படியும் ஜன்னி கண்டுவிட்டது" என்று. தணலால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே. ஜன்னியில்தானே போனாள். அது நம் தலையெழுத்து. அதற்காக நெருப்பைப் பார்த்தெல்லாம் பயப்படாதே.

காலையில் எழுந்தால் கொஞ்சம் தலைவலி. கன்னியப்பனுக்கும் உண்டு. இந்த உயரத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொல்கிறார்கள்.

நெருப்பு வேண்டாம் என்றால் வேறு வழி நீயே சொல்லேன், பார்க்கலாம். நெருப்பில்லாமல் ஒரு வீட்டைச் சூடாக வைக்க முடிந்தால் மேஜர் ஐயா உனக்கு மெடல் குத்துவார்.

பேபி நடக்கிறாளா? கதவு போட்டாயா?
உன் தம்பி
செங்கல்வராயன்


பூந்தமல்லி,
26-12-1973

அன்புள்ள தம்பிக்கு. பேபி நான்கு அடி நடந்தாள். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கதவு போடவில்லை.

நீ விளையாட்டாக எழுதினாய். நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் கடிதம் வந்த நாளாக ஒவ்வொருவரிடமும், நெருப்பில்லாமல் சூடு எப்படி வைப்பது என்றுதான் கேட்கிறேன். ஷெட்டில் என் பக்கத்தில் உட்காருகிற பஞ்சவர்ணம், "இன்னாம்மே, தகரக் கூரையில நாமளே வெந்துகினு கீறோம், உனுக்கு இன்னும் சூடு பத்தலயா?" என்று கேட்டாள். பிறகு அவளேதான் காட்டினாள். அவள் சோற்றுத் தூக்கை ஒரு பையில் சுற்றினால் பத்து மணிக்கே ஆறிவிடுகிறது. பைக்குள் பை போட்டு, நடுவில் காற்று நிற்கிற மாதிரி வாயை ஒட்டிவிட்டால் மத்தியானம் வரை சூடு இருக்கிறது. நானும் செய்து பார்த்தேன். உண்மை. அதனால் உன் வீட்டுக்கு ஒரு தாள் போதாது. உள்பக்கம் இன்னொரு தாள், நடுவில் நான்கு விரல் இடம்.

அடுத்து பஷீர் பாய். தகர வேலை செய்கிறவருக்குத் தெரியாதா. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்யும் தண்ணீர் டிரம் நாளெல்லாம் வெயிலில் நிற்கிறது. கடைசித் தொழுகைக்குப் போகும்போதும் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கிறதாம். "தகரம் அவசரக்காரன் தங்கச்சி. சட்டுனு காயுவான், சட்டுனு ஆறுவான். தண்ணி சோம்பேறி. லேசுல சூடாவாது, ஆனா லேசுல ஆறவும் ஆறாது. டின்னுக்கு வெளிய கரி பூசச் சொல்லு, கறுப்பு நல்லா வெயிலக் குடிக்கும்" என்றார். உங்களிடம் காலி டின் கிடைக்காமலா போகும்? தண்ணீர் ஊற்றிச் செடிக்கு நடுவில் வரிசையாக வை. பகலில் வாங்கின சூட்டை ராத்திரி அதுவே கொடுக்கும்.

மூன்றாவது உனக்கே தெரியும். காட்டுப்பாக்கத்தில் மழைநாள் காலையில் எருக்குழியில் ஆவி வரும். குளிருக்கு நீ அதில்தான் காலை நுழைத்துக்கொள்வாய், நான் அடிப்பேன். உங்கள் பட்டாளத்தில் கோவேறு கழுதை இருக்கிறது என்று எழுதியிருந்தாயே. அந்தச் சாணியைப் பாத்திக்கு அடியில் முழம் ஆழத்துக்குப் போட்டு, மேலே மண் போடு. அது பாட்டுக்குச் சூடு கொடுத்துக்கொண்டிருக்கும்.

வெயில் இறங்குவதற்கு முன்பே செடிமேல் கோணியோ கம்பளியோ போர்த்திவிடு.

இத்தனையும் செய். நெருப்பை மட்டும் வைக்காதே. தலைவலி என்று எழுதியிருக்கிறாய். அது மலையால் இல்லை தம்பி. அது மலையால் இல்லை.

அக்கா வேம்புலி


56 ஏ.பி.ஓ.
14-1-1974

அன்புள்ள அக்காவுக்குப் பொங்கல் வணக்கம். இங்கே பொங்கல் டப்பாப் பாலில்தான் பொங்கியது. நான் சுகம்.

நீ எழுதினதை மேஜர் ஐயாவிடம் இந்தியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்க அக்கா என்ன படித்திருக்கிறார்?" என்று கேட்டார். நாலாம் கிளாஸ் என்றேன். "பரவாயில்லை, செய்" என்றார்.

டின்தான் காலை வாரிவிட்டது. முப்பது டின்னிலும் கழுத்து வரை தண்ணீர் ஊற்றினோம். முதல் ராத்திரி பனி இறுகி அத்தனையும் பட்பட்டென்று வெடித்தது. கன்னியப்பன் சண்டை வந்துவிட்டது என்று நினைத்துத் துப்பாக்கியைத் தேடினான். தண்ணீர் கல்லானால் பெரிதாகும் என்பதைப் பூந்தமல்லிக்காரருக்கு யார் சொன்னது? வேறு டின் சேர்க்க வேண்டும். சாணியும் இன்னும் சூடேறவில்லை.

ஆனால் உன் இரண்டாவது தாள், அக்கா, அதுதான் தெய்வம். நீ சொன்னபடி நான்கு விரல் இடம் விட்டுக் கட்டினோம். கீழே மண் பூசி, வாசல் தட்டிக்கு இரண்டு கோணி தைத்து, ஒரு ஊசி நுழைகிற சந்துகூட இல்லாமல் அடைத்துவிட்டேன். இப்போது மூன்று சட்டி வேண்டாம். ஒரே ஒரு சட்டித் தணல் விடிய விடியப் போதும். டின் சேருகிற வரைக்கும் அந்த ஒன்று மட்டும் இருக்கட்டும். திட்டாதே.

தலைவலிதான் இந்த வாரம் அதிகம். வெடிக்கிற மாதிரி. நேற்று வாந்தியும் வந்தது. கன்னியப்பன் காலையில் வெளியே வந்தவன் கால் மடங்கிப் பனியில் விழுந்துவிட்டான். காற்று பட்டதும் எழுந்து உட்கார்ந்தான். டப்பா மீன் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

தக்காளி பூ விட்டிருக்கிறது. பேபியிடம் சொல்.
உன் தம்பி
செங்கல்வராயன்


பூந்தமல்லி,
1-2-1974

தம்பி,

சுகம் விசாரிக்க இப்போது நேரம் இல்லை. இதைப் படிக்கும்போது நீ அந்த வீட்டுக்குள் இருந்தால் முதலில் வெளியே வா. வந்துவிட்டு மீதியைப் படி.

உன் கடிதம் இன்று காலை வந்தது. வேலைக்குப் போகவில்லை. ஊசி நுழைகிற சந்து இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தாளைக் கட்டச் சொன்னது நான். உனக்குக் குளிராமல் இருக்க வேண்டும் என்று சொன்னேன். இன்னொரு தரம் என் கையாலேயே அடைத்துவிட்டேன்.

இஸ்திரிக்காரன் என்று ஒருவனும் கிடையாது. வசந்தாவுக்கு ஜன்னியும் கிடையாது.

ஒன்பதாம் நாள். மத்தியானம். மூன்று நாளாக மழை. குளிப்பாட்டிக் கட்டிலில் படுக்கவைத்தேன். நம் வழக்கப்படி கீழே தணல் சட்டி. சாம்பிராணிக்குக் குழந்தை இருமியதால் அதை ராபியாக்காவிடம் கொடுத்திருந்தேன். அன்று குளிர் அதிகமாக இருந்தது. மற்ற நாள் ஒரு சட்டி வைப்பேன், அன்று இரண்டு வைத்தேன். ஜன்னல் இடுக்கில் பழைய புடவையைத் திணித்தேன். கதவுக்கு அடியில் கோணியை நனைத்துச் சொருகினேன். பச்சை உடம்புக்காரிக்குக் காற்று பட்டால் ஜன்னி வரும் என்று பயம். அவள் தூங்கிக்கொண்டே போய்விட்டாள். கதவைத் திறந்தபோது முகம் வெளுக்கவில்லை தம்பி. செக்கச் செவேலென்று இருந்தது. உதடெல்லாம் சிவப்பு. பார்க்க வந்தவர்கள், சுமங்கலியாகப் போனவள் களை என்று சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜன்னி என்று யாரோ சொன்னார்கள். அதையே உனக்கு எழுதினேன்.

சித்திரையில் பேபிக்குக் காய்ச்சல் என்று ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். தாய் எப்படிப் போனாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "கதவு, ஜன்னல் எல்லாம் மூடியிருந்துச்சா?" என்றார். மூடிய இடத்தில் கரி எரிந்தால் ஒரு விஷக் காற்று வருமாம். அதற்கு வாசனை கிடையாது, புகை கிடையாது. முதலில் தலை வலிக்குமாம். பிறகு கால் தரிக்காதாம். பிறகு தூக்கம். முகம் சிவப்பாக இருப்பதும் அதனால்தானாம்.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய், பேபியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாய் என்று பயந்தேன். இப்போது அந்தப் பயத்தைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது. தணலால் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நீ எழுதிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பொய்யை நம்பித்தான் நீ அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாய்.

என் மகளைக் கொன்றது நான். நீ என்னை என்ன செய்தாலும் சரி. உயிரோடு இருந்து செய்.

வேம்புலி


பூந்தமல்லி,
26-2-1974

அன்புள்ள தம்பிக்கு. பேபி சுகம்.

நான் கடிதம் போட்டு இருபத்தைந்து நாள் ஆகிறது. பனியால் விமானம் வருவதில்லை என்று தபால்காரர் சொல்கிறார். தினமும் அவரே தூரத்திலிருந்து கையை ஆட்டி இல்லை என்று காட்டிவிடுகிறார். நான் கேட்பதற்குள் காட்டிவிட வேண்டும் என்று அவருக்கு.

முந்தாநாள் பஸ் வேலப்பன்சாவடியில் நின்றபோது பட்டாள உடுப்பில் ஒரு ஆள் இறங்கினான். கையில் ஒரு காகிதம். எங்கள் வீட்டைத் தேடித்தான் வந்திருக்கிறான், தெரியாமல் இங்கே இறங்கிவிட்டான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. நானும் இறங்கி அவன் பின்னால் ஓடினேன். "தம்பி, யார் ஊட்டுக்குப் போற?" என்று கேட்டேன். அவன் பயந்துவிட்டான். "எங்க ஊட்டுக்குதாம்மா, லீவுல வந்துகீறேன்" என்றான். காகிதத்தில் சுற்றியிருந்தது பிள்ளைக்கு வாங்கின பொம்மை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவன்தான் தண்ணீர் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டான்.

கோபமாக இருந்தால் வெறும் கடிதத்தாளை மடித்து உறையில் போட்டு அனுப்பு. உன் கையால் விலாசம் எழுதியிருந்தால் போதும்.

வேம்புலி


56 ஏ.பி.ஓ.
3-3-1974

அக்கா,

நான் உயிரோடு இருக்கிறேன்.

உன் கடிதம் மாசி ஏழாம் தேதி சாயந்திரம்தான் வந்தது. பதினாறு நாளைக்கு ஒரு விமானம். நான் பிளாஸ்டிக் வீட்டுக்குள் தட்டியைச் சாத்திக்கொண்டு, சட்டி வெளிச்சத்தில்தான் பிரித்தேன். முதல் வரியிலேயே வெளியே வா என்றிருந்தது. நான் வரவில்லை. ஒன்பதாம் நாள் என்ற இடம் வரை அங்கேயே உட்கார்ந்து படித்தேன். அதற்கு மேல் எழுத்து ஆடியது. எழுந்தால் கால் நிற்கவில்லை. கன்னியப்பன் மூலையில் போர்த்திக்கொண்டு தூங்கினான். தட்டினேன், எழவில்லை. முகத்தைப் பார்த்தேன். கறுப்பு ஆள். உதடு மட்டும் சிவந்திருந்தது.

தட்டியைக் கிழித்து அவனை இழுத்துக்கொண்டு வெளியே விழுந்தேன். அவன் கண் திறக்க அரை மணி ஆனது. மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் கிடந்தான். இப்போது பேசுகிறான். சட்டியைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்துவிட்டேன்.

நீ அனுப்பியிருந்த ஊறுகாயையும் எறிந்தேன். உன் கையால் செய்தது. உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

வேலையைச் சொல்கிறேன். நாற்பது டின் சேர்த்தோம். முக்கால் அளவுதான் தண்ணீர். வெளியே கரி பூசினோம். சாணி சூடேறிவிட்டது, பாத்தியில் கை வைத்தால் மாட்டு வயிறு மாதிரி இருக்கிறது. வெயில் இறங்குமுன் கம்பளி போர்த்துகிறோம். யாரும் உள்ளே படுப்பதில்லை. வெளியே எச்சில் துப்பினால் விழுவதற்குள் உறைகிறது, உள்ளே மக்கில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. தக்காளியில் பாதி போய்விட்டது. கீரை அத்தனையும் நிற்கிறது. மேஜர் ஐயா ஆவடிக்கு எழுதிவிட்டார்.

ஒன்று கேட்கிறேன். அவள் தூங்கிக்கொண்டே போய்விட்டாள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் கன்னியப்பனுக்கும் அந்தக் காற்று பட்டது. தூக்கம் பிறகுதான் வருகிறது அக்கா. அதற்கு முன்னால் தலையைக் கல்லில் மோதிக்கொள்ளலாம் போல வலிக்கும். அவளுக்கும் வலித்திருக்கும். அவள் வலி தாங்குகிறவள் இல்லை.

அவள் கூப்பிட்டாளா? நீ அப்போது எங்கே இருந்தாய்?

செங்கல்வராயன்


பூந்தமல்லி,
21-3-1974

தம்பிக்கு அக்கா வேம்புலி எழுதுவது.

கூப்பிட்டாள்.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். யாரும் தெரியாமல் திறந்துவிடக் கூடாது என்று கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, அவளுக்குக் குழம்பு வைக்கப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன்.

முதலில், "அம்மா, தல வலிக்குதும்மா. கதவத் தொறம்மா" என்றாள். "காத்து பூந்துக்கும்டி. இன்னும் செத்த நேரம், கம்முனு படு" என்றேன்.

இன்னும் நாலு பல் உரித்தேன். பிறகு ஒரு தரம் கூப்பிட்டாள். அது என்னை இல்லை. "மாமா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "ஒங்க மாமன் மலை மேல கீறான். அங்கேர்ந்து வந்து தொறப்பானா ஒனக்கு?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. தூங்கிவிட்டாள், நல்லதுதான் என்று நினைத்தேன். மீதிப் பூண்டையும் உரித்து முடித்தேன். அதற்குப் பிறகுதான் எழுந்து கதவைத் திறந்தேன்.

இதை ராபியாக்காவிடம்கூடச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். இனி என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

பேபி வீடு முழுக்க ஓடுகிறாள். நீ வந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு போவாயோ, இங்கேயே விடுவாயோ, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவள் துணிகளைத் துவைத்து மடித்துத் தனியாக வைத்திருக்கிறேன்.

கதவுக்குக் கரையான் என்று எழுதியது பொய். நல்ல தேக்குக் கதவு. டாக்டரம்மா சொன்ன அன்று வீட்டுக்கு வந்து நான்தான் கழற்றினேன். பஷீர் பாய் பட்டறைக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறது. நீ வந்து போட வேண்டும் என்றால் போடு. நான் போட மாட்டேன்.

வேம்புலி